கல்லில் செத்த லிசார்தோ

லிசார்தோவைக் கொன்றவன் என்று ஃபெரோல் ஊரே கல்தச்சன் பியெய்ட்டோவைக் கேலி பேசியது. பதினைந்து வருஷமாக இதே பாட்டு. தேவாலயப் பங்குக் குழு கொடுத்த செத்தவர்கள் பட்டியலைப் பார்த்து உளியைத் தட்டியதைத் தவிர அவன் என்ன பாவம் செய்தான்?

லிசார்தோ வேலை பார்த்த போர்க்கப்பலின் பெயர் பலேயாரெஸ். இந்த ஊர்த் துறையில் கட்டியதுதான். உள்நாட்டுச் சண்டை வந்ததும், நான்கு பீரங்கி மேடைகளில் ஒன்று இல்லாமலே கடலுக்கு அனுப்பிவிட்டார்கள். தளபதிகளுக்கு அவ்வளவு அவசரம். மிச்ச வேலையைப் போகிற வழியில் முடிக்கட்டும் என்று ஃபிட்டர் அவெலீனோவையும் ஏற்றிக்கொண்டார்கள். மாலகா கடலோரச் சாலையில் பிள்ளைகுட்டியோடு ஓடிய சனத்தைச் சுட்டு அது வீரம் பழகியது. முப்பத்தெட்டு மார்ச்சில், திருப்பிச் சுடத் தெரிந்தவர்கள் எதிரே வந்துவிட்டார்கள். டார்பிடோ. எழுநூறு பேருக்கு மேல் போனார்கள்.

கொதிகலன் அறை லிசார்தோ எண்ணெயைக் குடித்தபடி மிதந்தான். ஆங்கிலேயக் கப்பல் தூக்கிக் காப்பாற்றியது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு ஊர் திரும்பினால், கோயில் மதிலில் செத்தவர்கள் வரிசையில் அவன் பெயர். அவன் கண்ணெதிரே மூழ்கிய அவெலீனோவின் பெயர் மட்டும் இல்லை. சிப்பாய் இல்லையாம், கூலிக்காரனாம்.

குழுச் செயலாளர் ஃபுல்ஹென்சியோவிடம் போனான்.

"ஐயா, என் பேரை எடுத்துட்டு அந்த எடத்துல அவன் பேரைப் போடுங்க. அவன் பொண்டாட்டி பூவைக் கையில வச்சுக்கிட்டு எங்க வைக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறா."

"பட்டியல்ல பெரியவங்க கையெழுத்து ஆயிடுச்சுப்பா."

"நான் உயிரோட இருக்கேனே?"

"அது உன் சொந்த விஷயம்."

மார்ச் தோறும் பெயர்களை வாசிப்பார்கள். ஒவ்வொரு செத்தவனுக்காகவும் கூட்டம் "உள்ளேன்!" என்று முழங்கும். ஒரு வருஷம் தன் பெயர் வந்தபோது லிசார்தோவே "உள்ளேன் ஐயா!" என்று கத்தினான். அந்தக் கூட்டத்தில் உண்மை சொன்னவன் அவன் ஒருத்தன்தான். இரண்டு நாள் லாக்கப்பில் போட்டார்கள்.

போன மாதம் லிசார்தோவை நுரையீரல் கைவிட்டது. பியெய்ட்டோ பார்க்கப் போனான்.

"வாடா கொலைகாரா."

"வாயை மூடிட்டுப் படு."

"நான் எப்படி இருக்கேன்னு ஃபுல்ஹென்சியோ ஆள் விட்டு விசாரிச்சானாம்."

"பெரிய அக்கறைதான்."

"மண்ணாங்கட்டி. நான் செத்தா அவன் பட்டியல் சரியாயிடும்டா. அப்புறம் தப்புன்னு எவன் பேசுவான்? அவெலீனோ பொறக்காதவன் மாதிரி ஆயிடுவான். கல்லுல என் பேரைக் கொத்தி எடுத்துட்டு அவன் பேரை வெட்டு."

"பிடிச்சு உள்ளே போடுவானுங்கடா என்னை."

"ரெண்டு நாள்தான். கஞ்சி நல்லாவே இருக்கும்."

பியெய்ட்டோ சிரிக்கவில்லை. லிசார்தோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"எனக்கு உசுரு இருக்கும்போதே வெட்டிடு. பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க வெட்டு. இங்க உக்காந்து என் மூஞ்சியைப் பாக்காத, எழுந்து போடா."