ட்ரிப்பைத் திறந்துவிட்ட கை

திருவரங்குளத்துக்கு அப்பால் இருந்த எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் என் மனைவி எஸ்தர் பிரசவ மருத்துவர். நான் மயக்க மருத்துவர். நாகர்கோவிலில் வளர்ந்த அவள், மிஷனெரி ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து இங்கு வந்தவள். நான் அவளை மணந்ததால் வந்தவன். சென்ற மாதம் அவளை அடக்கம் செய்தோம். இப்போது அங்கு பணியாற்றும் இளம் மருத்துவர்கள் அவளைப் பற்றி எழுதித் தரக் கேட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன்.

அன்று காலை செல்வி என்ற பெண்ணைப் பிரசவ வலியோடு கொண்டுவந்தார்கள். கணவன் சிங்கப்பூரில். உடன் வந்தவர் மாமனார் கருப்பையா, விவசாயி. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கியிருந்தது. உடனே சிசேரியன் செய்தாக வேண்டும். தியேட்டர் தயார். கருப்பையா கையெழுத்திட மறுத்தார். செல்வியும் அவர் முகத்தையே பார்த்தாள்.

“பத்தரைக்கு ராகு காலம் பொறக்குது டாக்டரம்மா. பன்னெண்டுக்கு மேல கத்தி வைங்க. எங்க மூத்த மகளுக்கு அந்த நேரத்துலதான் கத்தி வச்சாங்க. புள்ள தங்கல.”

பன்னிரண்டு வரை இந்தக் குழந்தை தாங்காது என்பதை நான் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், அசையவில்லை. எஸ்தர் அவர் அருகே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“அய்யா, நடவு நட்டுக்கிட்டு இருக்கையில ராகு காலம் வந்தா வயல விட்டுக் கரையேறிருவீங்களா?”

“அதெப்புடி? முன்னாடியே தொட்ட வேலைனா முடிச்சிட்டுத்தான் ஏறணும்.”

“அப்ப இதையும் இப்பவே தொட்டுருவோம். ஒங்க கையாலயே.”

செல்விக்கு ட்ரிப் மாட்டி, மூடி வைத்திருந்தோம். குழாயைத் திறக்கும் சிறு சக்கரத்தை எஸ்தர் காட்டினாள். கருப்பையா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை ஆகச் சில நிமிடங்கள் இருந்தன. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சக்கரத்தை உருட்டினார். சொட்டு விழுந்தது. பிறகு கையெழுத்திட்டார்.

தியேட்டர் வாசலில் எஸ்தர் வழக்கம்போல் சுருக்கமாக ஜெபித்தாள். நான் முதுகுத்தண்டில் ஸ்பைனல் மயக்க ஊசி கொடுத்தேன். ராகு காலம் தொடங்கிச் சற்று நேரத்தில் குழந்தை பிறந்தது. சத்தமே இல்லை. துடைத்து, முதுகைத் தேய்த்து, மாஸ்க் வைத்துக் காற்றுக் கொடுத்த பிறகுதான் அழுதது. தாய்க்கும் குறையில்லை.

வெளியே கருப்பையா, “பொம்பளப் புள்ளையா? இம்புட்டுச் சத்தமா? வரப்போற மாமியாக்காரி பாடு திண்டாட்டந்தான்” என்றார்.

மிஷனெரியே ராகு காலத்துக்கு இடம் கொடுக்கலாமா என்று சபைக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து கேட்டார். “எல்லா நேரமும் கர்த்தருடையதுதான் அண்ணே. கருப்பையா அய்யாவுக்குப் பயம் இருந்துச்சு, புள்ளைக்கு நேரம் இல்ல” என்று சொல்லிவிட்டு, எஸ்தர் எங்கள் மகளுக்குத் தலை பின்னப் போய்விட்டாள். மகளோடு அவளுக்குக் கிடைத்த நேரமே அவ்வளவுதான். அதில் விவாதத்துக்குப் பங்கு தரமாட்டாள்.

அவளுடைய அடக்கமும் ஒரு வெள்ளிக்கிழமைதான். புதுக்கோட்டையிலிருந்து ஆயர் வந்து சேரத் தாமதமாயிற்று, பத்தரை நெருங்கியது. கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்த ஊரார் கைபேசியில் மணி பார்த்தார்கள். ராகு காலத்தில் அடக்கம் நடக்கக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. ஆராதனையைச் சுருக்கச் சொல்வதா, அவர்களைச் சங்கடத்தில் நிறுத்தி வைப்பதா என்று தெரியாமல் நின்றேன். கருப்பையா கைத்தடியை ஊன்றி என்னிடம் வந்தார். ராகு காலத்தில் பிறந்த அந்தப் பேத்தி, இப்போது வளர்ந்த பெண், அவர் தோளைத் தாங்கியிருந்தாள்.

“சார், ஒரு பிடி மண்ண இப்பவே எடுத்துக் குழியோரம் வைங்க. ஒங்க கையாலயே. தொட்ட வேலையாயிரும். பெறகு ஆயரு நிதானமா செபம் பண்ணட்டும்.”

குனிந்து எடுத்தேன். காய்ந்த செம்மண். அவள் கண் மூடியது முதல் என் கைகளுக்கு வேலை எதுவும் இருக்கவில்லை.

ஆராதனை அவசரமின்றி நடந்தது. கடைசிப் பாட்டு வரை ஒருவரும் கலையவில்லை.

இளம் மருத்துவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: பயந்து நிற்பவரிடம் காரணங்களை அடுக்கும் முன், அவர் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். எஸ்தர் இதை யாருக்கும் பாடமாகச் சொன்னதில்லை. கருப்பையா கற்றுக்கொண்டிருந்தார்.