வலது டேங்க் நிறைய இருந்தது

நம்பினால் நம்புங்கள். போன மாசியில், வெயில் தாழ்வதற்குள் எனக்கு நடந்தது இது. ஒரு சொல்லும் கூட்டவில்லை.

எங்கள் பயிற்சி விமானத்தில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் டேங்க். எஞ்சின் ஒரு நேரத்தில் ஒன்றிலிருந்துதான் குடிக்கும். டேங்கை மாற்ற, இடது முழங்காலருகே ஒரு திருகு. அரைமணிக்கு ஒருமுறை நாம்தான் மாற்ற வேண்டும். மறந்தால், அடுத்த டேங்க் நிறைய இருந்தாலும் எஞ்சின் நின்றுவிடும். அளவு காட்டும் முள்ளை நம்ப முடியாது. அதனால் இறங்குகிறவன் பெட்ரோல் அதிகமுள்ள பக்கம் மாற்றிவிட்டு, ஏறுகிறவனிடம் வாயால் சொல்வது எங்கள் வழக்கம்.

மணி 4.20. நான் இறங்கினேன். என் அறைத்தோழன், பாளையங்கோட்டை ஷிபின், ஏறினான்.

"லே யஹ்யா, வலதுக்கு மாத்திட்டியா?"

"மாத்தியாச்சுலே."

மாற்றவில்லை. எனக்குப் பசி. எப்படியும் அவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். பாவி நான்.

4.50. ஷிபின் விமானம் சற்று முன்புதான் மேலேறியிருந்தது. டீ குடித்துவிட்டு நானும் வேறொரு விமானத்தில் தனியாகக் கிளம்பினேன்.

5.20. கீழே சேரன்மகாதேவி வயல்கள். திருகை வலதுக்குத் திருப்பினேன். ஹெட்போனில் ஒரு குரல்...

"மாத்தியாச்சுலே."

"யாரு, ஷிபினா?"

ஸ்ஸ்ஸ்... இரைச்சல் மட்டும்.

5.24. திருகு இடதில் இருந்தது. மறுபடி திருப்பினேன். கை ஈரமானது. ஆற்றுச் சேற்று வாடை.

5.31. மறுபடி இடது.

"மாத்தியாச்சுலே."

5.41. எஞ்சின் இருமியது. டக்... டக்... நின்றது.

திருகைப் பிடித்தேன். அசையவில்லை. அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை... சில்லென்று. கண்ணுக்குத் தெரியவில்லை.

யா அல்லாஹ்.

"ஷிபின்... நான் மாத்தலைலே. பொய் சொல்லிட்டேன்லே."

கை விலகியது.

திருப்பினேன். எஞ்சின் பிடித்தது.

5.58. இறங்கினேன். பயிற்சியாளர் அருமைநாயகம் சார் ஓடிவந்தார். "ஷிபின் போயிட்டான்ய்யா... 5.10-க்கு. ஆழ்வார்திருநகரி பக்கம் ஆத்துக்குள்ள."

தாழப் பறந்தபோது எஞ்சின் நின்றிருக்கிறது. மாற்ற நேரமில்லை. திருகு இடதில் இருந்ததாம். வலது டேங்க் நிறைய இருந்ததாம்.

அவன் அம்மா சாரம்மாள் என் கையைப் பிடித்து அழுதார். "நீயாவது பொழைச்சியேய்யா." அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இனியும் சொல்வேன் என்று தோன்றவில்லை.

பிறகு விசாரணையில் அன்றைய ரேடியோப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். "மாத்தியாச்சுலே" பதினேழு முறை இருந்தது. ஷிபின் குரல் ஒன்றுகூட இல்லை. பதினேழும் என் குரல். நான் பொய்யை ஒப்புக்கொண்டது மட்டும் பதிவில் இல்லை.

முதலாவது பதிவான நேரம் 5.10. அப்போது நான் வாயே திறக்கவில்லை.