கடைசிக் கதவுக்கு இரண்டு பேர்: பழைய டிஸ்க்குடன் சிதம்பரத்துக்கு

2011 காலாண்டு விடுமுறையில், அக்டோபர் முதல் சனிக்கிழமை, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தனியாகப் போய்வந்தேன். கோயிலுக்கு அல்ல, ஒரு பிஎஸ் 2, அதாவது பிளேஸ்டேஷன் 2 வீடியோ கேம் மெஷினைத் தேடி. பழைய டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு எதில் போட்டு ஆடுவது என்று தவிப்பவர்கள் இன்னும் இருப்பீர்கள். உங்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் காரணம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாடி வீட்டில் ஜெனி இருந்தாள். ஒரே வகுப்பு. அவளுடைய அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த பிஎஸ் 2-வில் நாங்கள் ஆடியது ஒரே ஒரு விளையாட்டுதான். நாங்கள் அதைக் கோட்டை கேம் என்போம். விளக்கேந்திய அக்கா தங்கை இருவர் ஒரு பாழடைந்த கோட்டையிலிருந்து தப்ப வேண்டும். அக்கா நான், தங்கை ஜெனி. ஓடு என்றால் அவள் ஓட மாட்டாள். வழியில் இருக்கும் ஒவ்வொரு பானையையும் உடைத்துவிட்டுத்தான் வருவாள்.

அறுபத்தொரு மணி நேரம் ஆடிக் கடைசிக் கதவுக்கு வந்தபோது மெஷினின் லென்ஸ் போய்விட்டது. மே மாதம் அவளுடைய அப்பாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருக்கும்போது ஜெனி டிஸ்க்கையும், எங்கள் ஆட்டம் பதிவாகியிருந்த மெமரி கார்டையும் என் கையில் கொடுத்தாள்.

“நீ எங்கயாவது முடிச்சுட்டு கிளைமாக்ஸ் என்னான்னு சொல்லுடி. அதுவரைக்கும் நானும் பாக்க மாட்டேன். சத்தியமா.”

கடலூரில் எனக்குத் தெரிந்து இரண்டு கேம் கடைகள். இரண்டிலும் இப்போது பிஎஸ் 3 மட்டும்தான். புது மெஷினில் பழைய டிஸ்க் ஓடாதா என்று கேட்பீர்கள். நானும் நம்பிப் போய்த்தான் ஏமாந்தேன். முதலில் வந்த மாடலில் ஓடியது. விலையைக் குறைப்பதற்காக அந்த வசதியைப் பிறகு எடுத்துவிட்டார்களாம். முன்பக்கம் யுஎஸ்பி ஓட்டை நான்கு இருந்தால் பழைய மாடல், இரண்டு இருந்தால் வீண். வேறு கம்பெனி மெஷின்களிலோ கம்ப்யூட்டரிலோ கோட்டை கேம் வரவே இல்லை. மெஷினில் பெரிய லாபம் இல்லை, விளையாட்டை விற்றுத்தான் சம்பாதிக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். நல்ல விளையாட்டு ஒன்றைத் தங்கள் பெட்டிக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் அதற்காகவே பெட்டியை வாங்குவார்கள். வியாபாரமாகப் பார்த்தால் புரிகிறது. பெட்டி இல்லாதவர்களைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒன்றும் இல்லை.

“சிதம்பரத்துல அண்ணாமலை நகர் பக்கம் ஒரு கடைல பழசு ஒண்ணு கெடக்குது, போயி பாரு,” என்று கடலூர்க் கடைக்காரர்தான் சொன்னார். ஐந்து மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லி அம்மா அனுப்பினார்.

காலை 8.40-க்கு திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் ஏறினேன். சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர், டிக்கெட் 18 ரூபாய். இடப்பக்க ஜன்னல் கிடைத்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் வேகமாகக் கடந்தன. பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது, “இங்க பாரேன்” என்று திரும்பினேன். பக்கத்தில் ஒரு தாத்தா கூடையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

10.05-க்கு சிதம்பரம். ஷேர் ஆட்டோ ஐந்து ரூபாய்.

“கோயிலுக்கா பாப்பா?” என்றார் டிரைவர்.

“இல்லண்ணே. அண்ணாமலை நகர்ல கேம் கடை.”

“சிதம்பரம் வந்துட்டு கேம் கடைக்கா? நடராஜரு கோச்சுக்கப் போறாரு!” என்று சிரித்தார். ஆனால் கடை வாசலிலேயே இறக்கிவிட்டார்.

பாதி பிரௌசிங் சென்டர், பாதி கேம் கடை. மணிக்கு இருபது ரூபாய். உள்ளே முழுக்கக் கல்லூரி அண்ணன்கள். நான் நுழைந்ததும் சத்தம் சட்டென்று குறைந்தது. “பிரிண்ட் அவுட்டாம்மா?” என்று கேட்டார் கடைக்காரர். டிஸ்க்கைக் காட்டினேன். புது மெஷினில் போடப் போனார்.

“அதுல ஓடாதுண்ணே. ரெண்டு ஓட்டைதான் இருக்குது. நாலு இருந்தாதான் ஓடும்.”

“டேய், கம்பெனிலேருந்து ஆள் வந்துருக்காங்கடா!” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே மூலையில் இருந்த பிஎஸ் 2-வைத் தூசி தட்டி இணைத்துக் கொடுத்தார்.

கார்டைச் செருகினேன். எங்கள் பதிவு அப்படியே இருந்தது. 61 மணி. கதவின் முன்னால் அக்காவும் தங்கையும் விளக்கோடு நின்றார்கள். நான் போய்க் கதவைத் தொட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும் என்று திரையில் வந்தது. கீழே, ‘இரண்டாவது பேட் இணைக்கவும்’ என்று இருந்தது; பேட் என்றால் கையில் பிடித்து ஆடும் பட்டன் கருவி. இத்தனை தூரம் வந்தும் இதை நான் யோசிக்கவே இல்லை. எங்களுக்கு எப்போதும் இரண்டு பேட் இருந்தன.

ஜெனியிடம் சொல்லிவிட்டுத் தள்ளலாம் என்று தோன்றியது. எதிரே டெலிபோன் பூத் இருந்தது. “அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்” என்றேன். இந்தக் கடையில் ஒரு வழக்கம். பெரும்பாலும் யாரிடமும் மெமரி கார்டு கிடையாது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெளியே போனால், டிவியில் ‘அணைக்காதே’ என்று சீட்டு ஒட்டி ஆடுபவர் பேரை எழுதிவிடுவார்கள். பேர் கேட்டார். “ஜெனி, மலர்” என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

“ஜெனி எங்க?”

“வரல.”

ஜெனியே போனை எடுத்தாள்.

“ஏய் மலரு! எங்கேருந்துடி பேசுற?”

“சிதம்பரம். கடைசிக் கதவுல நிக்கிறேன்.”

“எந்தக் கதவு?” கோட்டை கேம் என்றேன். “ஓ, அதுவா! அத நான் ஜூன்லயே நெட்டுல பாத்துட்டேன்டி. எவனோ முழுசா ஆடி ஏத்தி வச்சிருக்கான். உங்கிட்ட சொல்லல?”

“இல்ல.”

“அப்பா புது மெஷின் வாங்கித் தந்தாரு. கிராபிக்ஸ் சும்மா அள்ளுது! நீயும் அதையே வாங்குடி, ஆன்லைன்ல சேந்து ஆடலாம்.”

“அதுல நம்ம கேம் வராதுல்ல?”

“வராது. அது வேற கம்பெனி.” பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “அப்புறம் பேசுறேன்டி.”

ரோட்டைக் கடக்கச் சிறிது நேரம் நின்றேன். வண்டி ஒன்றும் வரவில்லை.

திரும்பி வந்தபோது சீட்டு டிவியில் இருந்தது, இரண்டு பேரும் அதில். பக்கத்துக் கம்ப்யூட்டரில் ப்ராஜெக்ட் பிரிண்ட்டுக்காகக் காத்திருந்த ஓர் அக்கா, “கூட ஆடுறவங்க வரலையா? நான் வேணா புடிக்கட்டா?” என்று கேட்டார். குறிஞ்சிப்பாடிக்காரர், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாராம். கடைக்காரர் கொடுத்த இரண்டாவது பேட்டைத் தலைகீழாகப் பிடித்தார்.

“எதம்மா அமுக்கணும்?”

“வட்டம் போட்ட பட்டன். நான் சொல்லும்போது.”

கதவு திறந்தது. குறிஞ்சிப்பாடி அக்கா நான் சொன்னபடி ஓடினார், சொன்னபடி நின்றார். ஒரு பானையும் உடையவில்லை. நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. முடிவு என்ன என்று இங்கே எழுத மாட்டேன். உங்களில் யாராவது இன்னும் பார்க்காமல் காத்திருக்கலாம்.

கார்டில் வேறு இடம் இல்லை. பழைய பதிவின் மேல் எழுதவா என்று மெஷின் கேட்டது. “ஆமான்னு குடும்மா, முடிச்சதுக்கு அத்தாட்சி வேணாமா?” என்றார் கடைக்காரர். நான் இல்லை என்று அழுத்தினேன்.

2.15 பஸ்ஸில் ஏறி, நாலு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் கடையில் கூட்டம் ஜாஸ்தி. கார்டை நீங்களே கொண்டுபோங்கள். பெண்கள் தயங்க வேண்டாம், சத்தம் குறைவது முதல் ஐந்து நிமிடம்தான். மெஷின் வாங்கப் போகிறவர்கள் கிராபிக்ஸை மட்டும் பார்க்காதீர்கள். உங்களோடு ஆடுபவரிடம் என்ன பெட்டி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

கார்டு என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதில் இன்னும் அந்தக் கதவு திறக்கவில்லை. அக்கா கதவைப் பார்த்து நிற்கிறாள். தங்கை முதுகைக் காட்டிக்கொண்டு, ஓரத்தில் மிச்சமிருக்கும் ஒரு பானையைப் பார்த்து நிற்கிறாள்.