தம்பி மனைவி சொல்லாத பெயர்

கதீராவுக்குத் தன் தம்பி மனைவி மேல் பொறாமை. இதை மூடி மறைத்துப் பேசிப் பயனில்லை. கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரத்து மாவு ஆலையில் வாசல் காவலரிலிருந்து கணக்குப் பிரிவு வரை எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. தெரியாதது போலவே நடந்துகொண்டவள் ஒருத்திதான்: அந்தத் தம்பி மனைவி சிம்பாத். கதீராவின் எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

கதீராவுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் செய்துகொண்டு போன இடம் ஒத்துவராமல் ஒரே வருடத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். ஆலையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து, கொள்முதல் பிரிவின் தலைவி வரை வந்துவிட்டாள். கோதுமை அரைக்கும் உருளை தேய்ந்தாலும் சரி, கை கழுவ சோப்பு தீர்ந்தாலும் சரி, அவள் சரி என்று சொல்லாமல் ஒரு தெங்கே காசு வெளியே போகாது. தம்பி குவானிஷைப் படிக்கவைத்தது அவள் சம்பளம்தான்.

அந்தக் குவானிஷ் தலைநகர் அஸ்தானாவில் வேலை பார்த்தபோது சிம்பாத்தைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். "அக்கா, இவளுக்கும் உங்க ஆலையில ஒரு வேலை பாரேன்" என்று கெஞ்சினான். கதீரா போய் ஓரெக்கேயிடம் பேசினாள். ஆலை முதலாளி ஒரின்பசாரை எல்லோரும் மரியாதையாக ஓரெக்கே என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை கிடைத்தது. உட்கார நாற்காலி இல்லை என்றதும், கதீராவே ஒப்புதல் போட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். ஒப்புதல் போட்ட அந்தக் கையை இப்போது நினைத்து நினைத்துக் கடித்துக்கொண்டாள்.

முதல் புகைச்சல் வீட்டில்தான் கிளம்பியது. மருமகள் வந்த வீட்டில் தேநீர் ஊற்றும் உரிமை மருமகளுக்குப் போய்விடும். சிம்பாத் தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவர் பக்கம் உட்கார்ந்து, கிண்ணத்தில் பாதிகூட நிரப்பாமல் ஊற்றி நீட்டுவாள். மறுபடி மறுபடி வாங்கிக் குடியுங்கள் என்ற மரியாதை அது. யாருக்குப் பால் தூக்கலாக வேண்டும், யாருக்குச் சாயம் கெட்டியாக வேண்டும் என்று ஒரே வாரத்தில் பிடித்துவிட்டாள். "உன் கையால ஊத்தினா ருசியே தனி தாயீ" என்று வந்த உறவெல்லாம் சப்புக் கொட்டியது. இத்தனை வருஷம் அதே சமோவர் பக்கம் உட்கார்ந்து ஊற்றிய கதீராவிடம் ஒருத்தரும் ருசியைப் பற்றிப் பேசியதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. கணவன் வீட்டு மூத்தவர்களை மருமகள் பெயர் சொல்லிக் குறிப்பிடக் கூடாது. தானாகவே ஒரு செல்லப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். நகரத்துப் பெண்களில் பாதிப் பேர் இதைக் கைகழுவிவிட்டார்கள். சிம்பாத் விடவில்லை. கதீராவுக்கு அவள் வைத்த பெயர் தங்கக்கா. அலுவலகத் தொலைபேசியில் யாராவது "கதீரா இருக்காங்களா?" என்று கேட்டாலும், "தங்கக்காவா? இருங்க, கூப்பிடுறேன்" என்பாள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!" என்று ஆலையே மெச்சியது. "எல்லாம் வெளிவேஷம்" என்று கதீரா உதட்டைச் சுழித்தாள்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் ஆலைக்கு மென்பொருள் வாங்கும் பேச்சு வந்தது. ஒரு கோரிக்கை கிளம்பினால் யார் யாரிடம் போகிறது, எந்த மேசையில் படுத்துக்கொள்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. வேலையை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தானே நகர்த்தி, நகராத இடத்தைக் காட்டிக்கொடுக்கும் மென்பொருள் ஒன்று வேண்டும் என்றார் ஓரெக்கே. பல நிறுவனங்கள் வந்து காட்டிவிட்டுப் போயின. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பெரியது, எல்லாம் செய்யும், விலையும் அப்படித்தான். மற்றது சின்னது, கேட்டதை மட்டும் செய்யும்.

உண்மையைச் சொன்னால், கதீராவுக்கும் முதலில் சின்னதுதான் பிடித்திருந்தது. கூட்டத்தில் சிம்பாத் முந்திக்கொண்டு, "நம்ம ஆலைக்கு இந்தச் சின்னதே போதும்னு தோணுது" என்றாள். அந்த நொடியே கதீராவுக்கு அது கசந்துபோனது.

"ஆலை வளர வேண்டாமா? பெரிசுதான் சரி" என்றாள்.

ஓரெக்கே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "விக்க வந்தவங்க ரெண்டு பேரும் தேன் தடவிப் பேசிட்டுப் போயிட்டாங்க. எனக்கு எதுவும் விளங்கல. ஒரு மாசம் ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. கதீரா, உன்னோட பெரிசுல எல்லாரோட லீவு விண்ணப்பமும் வரட்டும். சிம்பாத், உன்னோட சின்னதுல உதிரிபாகம் வாங்குறது வரட்டும். எது தேறுதோ அதை வாங்குவோம். அதைக் கொண்டுவந்தவதான் அதுக்குன்னு ஆரம்பிக்கப்போற புதுப் பிரிவுக்குத் தலைவி. மாடியில மூலை அறையும் அவளுக்குத்தான்."

மூலை அறை! மலை தெரியும் ஜன்னல் வைத்த அறை. அதில் இருந்த பழைய துணை இயக்குநர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவள் கண் அதன் மேல்தான். அதில் நேற்று வந்தவள் உட்காருவதா? செத்தாலும் விடக் கூடாது என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் சிம்பாத் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கதீராவின் மேசைக்கு வந்தாள். உதிரிபாகக் கோரிக்கைகளுக்குக் கொள்முதல் தலைவியின் ஒப்புதல் வேண்டுமே. ஒப்புதல் தருகிறவர்களின் முழுப் பெயரையும் மென்பொருள் கேட்டது. மற்ற எல்லாப் பெயரையும் சிம்பாத் அடித்து முடித்திருந்தாள்.

"தங்கக்கா, இந்த இடத்துல மட்டும் நீங்களே அடிச்சிடுங்க."

"ஏன், விரல்லகூட என் பேரு வராதா?"

"கூச்சமா இருக்கு, அக்கா."

கதீரா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். சும்மா கதீரா என்று அடித்தால் இவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? முதுநிலைக் கொள்முதல் பிரிவுத் தலைவி என்று ஆரம்பித்தாள். குடும்பப் பெயர், தன் பெயர், அப்பா பெயர் எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்தாள். பெட்டிக்குள் அடங்காமல் அது இரண்டு வரியாக மடங்கியது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குக் கொஞ்சம் வயிறு குளிர்ந்தது.

பிறகு தன் மென்பொருளைக் கவனித்தாள். கவனித்தாள் என்றால் நடையாய் நடந்தாள் என்று பொருள். ஒருவர் லீவு விண்ணப்பம் போட்ட மறு நிமிஷமே, ஒப்புதல் தர வேண்டியவர் மேசைக்குப் போய்த் தலைமேல் நிற்பாள். "அழுத்துங்க. இப்பவே. நான் பார்க்க அழுத்துங்க." குடிக்க எடுத்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு அழுத்தினார்கள். ஒரு விண்ணப்பமும் நிற்கவில்லை.

சிம்பாத்தின் கோரிக்கைகளோ கதீராவின் திரையில் வந்து வரிசையாகக் காத்திருந்தன. அவள் பார்ப்பாள். படிப்பாள். மூடிவிடுவாள். ஒரு வாரம் கழித்து, யாராவது கேட்கும்போது, ஒன்றை அழுத்துவாள். இப்படித்தான் மாவு சலிக்கும் சல்லடைத் துணி கேட்ட கோரிக்கை அவளிடம் மாட்டியது. ஆலை மேற்பார்வையாளர் இஸாபெக் மாவு படிந்த மீசையோடு வந்து நின்றார்.

"கதீரா, துணி கிழிஞ்சு தொங்குது. ஒரு மெஷின் வரிசையையே நிறுத்திட்டேன். எங்கம்மா நிக்குது என் கோரிக்கை?"

"என்னைக் கேட்டா? அஸ்தானாவுலேருந்து ஒரு அதிசயத்தைக் கொண்டுவந்து இறக்கியிருக்காளே, அதைக் கேளுங்க. சின்னது வேலைக்கு ஆகாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

இஸாபெக் முணுமுணுத்துக்கொண்டே போனார். சிம்பாத்தின் பெயர் ஆலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவது கதீராவின் காதுக்கு எட்டியது. அவளுக்கு அது இனித்தது. தாமதம் எங்கே என்று கிளறினால்தான் என்ன? சிம்பாத் வாயைத் திறந்து கதீரா என்று சொல்லப்போவதில்லை. ஊர் மெச்சும் மருமகள் ஆயிற்றே, தன் வேஷத்தைத் தானே எப்படிக் கலைப்பாள்? அந்த வழக்கத்தின் மறைவில் கதீரா நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

மாதம் முடிந்தது. எல்லாப் பிரிவினரும் கூடினார்கள். கணினித் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். கதீராவின் பெரிய மென்பொருள் முதலில் வந்தது. ஒரு பெட்டி விடாமல் பச்சை.

"பரவாயில்லையே! இவ்வளவு வேகமா எப்படி?" என்றார் ஓரெக்கே.

கணக்குப் பிரிவிலிருந்து ஒரு குரல் வந்தது: "எப்படியா? கதீரா வந்து தலைமேல நின்னா யாருதான் அழுத்த மாட்டாங்க!"

அறை சிரித்தது. ஓரெக்கேயும் சிரித்துவிட்டார். "அப்போ உன் காலுக்குத்தான் நாங்க காசு கொடுக்கணும், மென்பொருளுக்கு இல்ல."

கதீராவின் முகம் சிவந்தது. அதற்குள் சிம்பாத் எழுந்து தன்னுடையதைப் போட்டாள். கோரிக்கை கிளம்பும் இடத்திலிருந்து பணம் போகும் இடம் வரை பெட்டி பெட்டியாக நீண்டது. எல்லாம் பச்சை. நடுவில் ஒரே ஒரு பெட்டி மட்டும் ரத்தச் சிவப்பு.

"இங்கதான் நிக்குது, ஓரெக்கே" என்றாள் சிம்பாத்.

"நிக்குறது தெரியுது. யாருகிட்ட நிக்குது?"

சிம்பாத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேரைச் சொல்லும்மா."

"என் வாயில வராது, ஓரெக்கே."

"அவ ஏன் சொல்லணும்?" என்றார் பின்வரிசையில் இருந்த இஸாபெக். "சுவரே சொல்லுதே!"

சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மற்றப் பெட்டிகளில் பொடி எழுத்தில் பெயர்கள். சிவப்பில் மட்டும் பெரிய எழுத்தில், இரண்டு வரியாக, பதவியும் குடும்பப் பெயரும் அப்பா பெயருமாக, கதீரா. கடைசி வரிசையிலிருந்தவருக்குக்கூடக் கண்ணாடி தேவைப்படவில்லை. தன் அப்பாவையும் அல்லவா சேர்த்து இழுத்து வந்து நிறுத்தியிருந்தாள்!

சிம்பாத் அவசரமாகப் பேசினாள். "தங்கக்கா மேல தப்பில்ல, ஓரெக்கே. இந்த மாசம் முழுக்க லீவு விண்ணப்பத்துக்குப் பின்னாலயே ஓடினாங்க. என்னோடதைத் திறந்து பார்க்க நேரமே இருந்திருக்காது."

தப்பிக்க ஒரு வழி திறந்தது. இஸாபெக்கூடத் தலையாட்டினார். கதீரா பேசாமல் இருந்திருந்தால் போதும். ஆனால் அறையில் எல்லோருடைய முகமும் சிம்பாத் பக்கம் இளகித் திரும்புவதை அவள் பார்த்துவிட்டாள். என்ன பொண்ணு, என்ன குணம் என்ற அதே பார்வை. தேநீரும் அவளுக்கு, மூலை அறையும் அவளுக்கு, இப்போது என்னைக் காப்பாற்றிய புண்ணியமும் அவளுக்கா? கதீராவுக்கு அது மட்டும் பொறுக்கவில்லை.

"பொய்" என்று எழுந்தாள். "திறந்து பார்த்தேன். தினமும் பார்த்தேன். வேணும்னேதான் நிறுத்தி வச்சேன்."

"ஏன்?" என்றார் ஓரெக்கே.

"இவ ஜெயிக்கக் கூடாதுன்னு."

ஓரெக்கே சுவரில் இருந்த சிவப்புப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சின்னதையே வாங்கிடலாம்" என்றார். "நிக்குற இடத்தை அது சரியாத்தான் காட்டுது." கதீராவை வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கியிருந்தால் அவளால் அழுது தீர்க்கவாவது முடிந்திருக்கும்.

சில நாள் அவள் சிம்பாத்திடம் பேசவில்லை. வீட்டில் கிண்ணம் நீளும், வாங்கிக் குடிப்பாள், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வரிப் பெயர் ஆலையில் எல்லோர் திரையிலும் இன்னும் இருந்தது. அதை மாற்றும் அதிகாரம் புதுப் பிரிவின் தலைவிக்கு மட்டுமே. வேறு வழியில்லாமல் போய் நின்றாள்.

"சிம்பாத், அந்தப் பேரைக் கொஞ்சம் சின்னதாக்கு."

சிம்பாத் திரையைத் திறந்து, விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே, தங்கக்கா."

கதீரா பதவியை அழித்தாள். குடும்பப் பெயரை அழித்தாள். அப்பாவை அங்கிருந்து எடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். வெறும் கதீரா மிஞ்சினாள்.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது திரையில் ஒரு கோரிக்கை வந்திருந்தது. மாடி மூலை அறைக்கு நாற்காலி, ஒன்று. அனுப்பியவர் சிம்பாத். ஒப்புதல் தர வேண்டியவர் கதீரா. அது வந்து எவ்வளவு ஆனது என்று பக்கத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையின் ஜன்னலும், ஜன்னலில் மலையும், இந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிம்பாத் அதைப் பார்ப்பதும் கதீராவின் கண் முன்னால் வந்தன. அடிவயிற்றிலிருந்து எரிந்தது. எரிய எரியவே ஒப்புதலை அழுத்தினாள்.