முன்னால் நடந்த தபால்காரர்

ஊரில் அவளைச் செக்கரம்மா என்றால்தான் தெரியும். ஓடும் பேருந்தில் திடீரென ஏறி டிக்கெட் சோதிக்கும் வேலை. ஏமாற்றுகிறவனை அவன் முகத்தைப் பார்த்தே அவள் பிடித்துவிடுவதாக எல்லோரும் நினைத்தார்கள். முகத்தில் ஒன்றும் இருக்காது. கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறவனைத்தான் அவள் பிடிப்பாள்.

தலை நரைக்கத் தொடங்கிய வயதில், மனைவியை இழந்த ஒரு தபால்காரரைக் கட்டிக்கொண்டாள். குரல் உயர்த்தாத மனிதர். அவர் சட்டைப் பையை அவள் பல தடவை துழாவியிருக்கிறாள். கசங்கிய கைக்குட்டை தவிர எதுவும் சிக்கியதில்லை.

அடுத்தவர் பயணத்தைச் சோதித்தே காலம் போயிற்று, நாமும் ஒரு தடவை பயணியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இருவருக்குமே புதிய இடமாக இருக்க வேண்டும். கடல் தாண்டி வந்து ஆண்டவர்கள் கட்டிவிட்டுப் போன பழைய துறைமுக ஊர்களைத் தேர்ந்தெடுத்தாள்.

"அந்தப் பக்கம் நீங்க போயிருக்கீங்களா?"

"நான் எங்க போனேன்? தபால்தான் ஊர் ஊராப் போகும். நான் நம்ம தெருவே கதின்னு கிடந்தவன்."

லீவு போட்டார்கள். ஆளுக்கொரு முதுகுப்பை, இரண்டு மாற்றுடை, துணி காயப்போட ஒரு கயிறு. கிளம்பிவிட்டார்கள்.

முதல் ஊரில் இறங்கி அவள் வரைபடத்தை விரிப்பதற்குள் அவர் சாலையைக் கடந்துவிட்டார். "தேவாலயத்துக்குப் பின்னாடி வாம்மா, அங்கதான் மலிவா ரூம் இருக்கும்." இருந்தது. விடுதிக்காரி படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரூம்ல ஜன்னல் இருக்குக்கா. ஆனா திறந்துடாதீங்க. திறந்தா மூடாது."

"அப்ப அது ஜன்னலா, சுவரா?"

"வாடகைக்குச் சுவருன்னு வச்சுக்குங்க" என்று சிரித்தபடி சாவியை நீட்டினாள்.

அறைக்குள் இருட்டு. அவர் முன்னால் போய் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டார். அவள் பையை இறக்கி வைத்தாள்.

மறுநாள் கோட்டைக்கும் அப்படித்தான், சந்தைக்கும் அப்படித்தான். எங்கேயும் யாரையும் வழி கேட்கவில்லை. எல்லோரும் கோட்டையைப் பார்த்தார்கள். அவள் கணவரைப் பார்த்தாள்.

"எப்படிங்க வழி தெரியுது?"

"எல்லாம் ஒரே ஆளுங்க கட்டின ஊரும்மா. கரையில சுங்க ஆபீஸ், நடுவுல சதுக்கம், மேட்டுல கவர்னர் பங்களா, இறக்கத்துல தேவாலயம். நம்ம ஊரும் அதே கணக்குத்தானே? பஸ்ஸுக்குள்ளயே இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? என் கண்ணைக் கட்டிவிட்டாக்கூடத் தபால் போட்டுடுவேன்."

ஒன்று கேட்டதற்கு இத்தனை பதிலா? அவளுக்கு உறுத்தியது. யாருடன் வந்திருப்பார்? இறந்துபோனவளோடு என்றால் போகட்டும். அவள் மேல் இவளுக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் இதில் பொய் சொன்னவர் வேறு எதில் சொல்லவில்லை என்று எப்படித் தெரியும்? நம்ப முடியாத ஆளோடு திரும்பிப் போய் ஒரே வீட்டில் எப்படி இருப்பது?

அடுத்த நாள் காலை பேருந்து நிலையத்தில், கிளம்ப உறுமிக்கொண்டிருந்த ஏதோ ஒரு வண்டியில் அவரை ஏற்றினாள். இறங்கிய ஊரும் பழைய துறைமுகம்தான்.

"இங்க தபாலாபீசுக்குக் கூட்டிட்டுப் போங்க பார்ப்போம். யாரையும் கேக்கக் கூடாது."

"பரீட்சையா?"

"ஆமா."

கரைக்குப் போய்ச் சுங்க அலுவலகத்தைப் பார்த்தார். அங்கிருந்து சதுக்கம். இரண்டு தெரு முனைகளில் நின்று யோசித்தார். கடைசியில் வளைவுத் தூண்கள் வைத்த கட்டடத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். தபாலாபீசேதான்.

அவர் சொன்ன கணக்கு பொய்யில்லை. அவளுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை அவருக்குக் கொடுத்தாள். தன் பாதியை வாய்க்குக் கொண்டுபோன கை நின்றது.

"ஏங்க, அவங்க போட்ட கணக்குல தேவாலயம் இருக்கும். அலமாரிக்குப் பின்னாடி சுவிட்சும் இருக்குமா?"

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அவளோட வந்தேன்" என்றார்.

"அதே ரூமா?"

"அதேதான். சொல்லச் சொல்லக் கேக்காம ஜன்னலத் திறந்துட்டா. ராத்திரி பூரா மழை. நனைஞ்சுக்கிட்டே சண்டை."

"ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?"

"ரெண்டு பேருக்கும் புது ஊருன்னு நீ அவ்வளவு சந்தோஷமாச் சொன்னே. அதைக் கெடுக்க வாய் வரல."

"இன்னும் எந்தெந்த ஊருக்கு வந்திருக்கீங்க?"

"அந்த ஒண்ணுதான், சத்தியமா."

டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் அவள் அவரையே பார்த்தாள். பிறகு வரைபடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இனிமே நான் முன்னாடி, நீங்க பின்னாடி."

"தப்பான வழியில போனா?"

"போனாப் போகுது. நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

சதுக்கத்தைத் தாண்டி மனம்போன தெருவில் நுழைந்தாள். கண் வரைபடத்தில் இருந்தது. காது முழுக்கப் பின்னால். வழி தெரிந்தவன் கால், தப்பான திருப்பத்தில் தயங்காமல் இருக்காது. ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். செருப்புச் சத்தம் சீராகவே வந்தது. அடுத்த சந்தில் அது நின்றுவிட்டது.

திரும்பினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று செருப்பை உதறிக்கொண்டிருந்தார்.

"கல்லு மாட்டிக்கிச்சு."

அவள் அங்கேயே நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொடிக்கல் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அதன் பிறகுதான் நடந்தாள்.