சகலை வீட்டு வெள்ளை அடை

என் மனைவி தேனடையைக் கடித்துத் தின்று நான் பார்த்ததே இல்லை. முதல்முறை பார்த்தபோது அது என் அடை இல்லை, சகலையின் அடை. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். கல்யாணமான புதிதில் நான் வாங்கித் தந்த எதற்கும் அவள் அப்படிக் கண்ணை மூடியதாக ஞாபகம் இல்லை.

சகலை என்றால் அவள் தங்கையின் கணவர். சிங்கப்பூரில், செங்காங்கில் எங்களுக்குப் பக்கத்துப் புளோக். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது அந்த அடையைத் தட்டில் வைத்து வெட்கப்பட்டுக்கொண்டே கொண்டுவந்தார். அந்த வெட்கம்தான் எனக்கு ஆகாது.

"வாயில வச்சா கரையுதுங்க. உங்க அடையில கம்பி இருக்கும், மெழுகும் தடியா இருக்கும். இந்த வருஷம் லேகியத்துக்கு இந்தத் தேனையே ஊத்திடவா?" என்றாள் மனைவி.

தீபாவளி லேகியத்தில் ஊற்றுவது எங்கள் வீட்டில் எப்போதும் என் தேன்தான். வெறும் வயிற்றில் முதல் உருண்டையை என் கையில் கொடுத்துவிட்டு, "உங்க தேன் இல்லன்னா இந்த ருசி வராது" என்பாள். வருடத்துக்கு ஒருமுறை எனக்குக் கிடைக்கும் பாராட்டு அது ஒன்றுதான். அதிலும் கை வைத்துவிட்டார் மனிதர்.

பலமாடிக் கார் பார்க்கின் மொட்டைமாடித் தோட்டத்தில் எங்கள் இருவருடைய தேனீப் பெட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நான் பல வருடமாக வளர்க்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி மெழுகுத் தாள் வரவழைப்பேன். தேனீ கட்ட வேண்டிய அறைகளின் அச்சு அதிலேயே பதிந்திருக்கும். மரச் சட்டத்தில் கம்பி இழுத்து அந்தத் தாளை ஒட்டிக் கொடுத்தால், தேனீ மறுபேச்சுப் பேசாமல் அதன்மேல் கட்டும். சகலை போன வருடம்தான் ஆரம்பித்தார். "அண்ணே, ரெண்டு ஷீட் இருக்குமா?" என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். இருந்தது. இருந்தால் உடனே கொடுத்துவிட வேண்டுமா என்ன?

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தேக்கா கடைத்தெருவில் ஐஸ்கிரீம் குச்சி வாங்கி, சட்டத்தின் மேல்கட்டையில் நீளவாக்கில் ஒட்டி, கொஞ்சம் மெழுகைத் தடவினார். கீழே தாளும் இல்லை, கம்பியும் இல்லை. சட்டத்துக்குள் கையை விட்டு மறுபக்கம் எடுக்கலாம். எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆனால் தேனீக்கள் அந்தக் குச்சியைப் பிடித்துத் தொங்கி, நேராக, வெள்ளைவெளேரென்று கட்டி முடித்தன. தோட்டத்துக்கு வருகிறவர்கள் என் பெட்டியைத் தாண்டிப் போய் அதைப் படம் எடுத்தார்கள்.

தட்டு வந்த மறுநாளே நானும் குச்சி ஒட்டினேன். யாருக்கும் சொல்லாமல், என் மெழுகுத் தாள்களை எடுத்துவிட்டுக் காலிச் சட்டங்களை வரிசையாக வைத்தேன். அவருக்குக் கட்டிக் கொடுத்த தேனீ எனக்குக் கட்டாதா?

கட்டியது. தீபாவளிக்கு முந்தின வாரம் திறந்து பார்த்தால் ஒரு சட்டமும் அசையவில்லை. ஒரு சட்டத்தில் தொடங்கிய அடை அடுத்த சட்டத்தில் போய் முடிந்து, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தனியாக எடுத்தால் மொத்தமும் பிய்ந்துவிடும். வேறு வழியில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சகலைக்குப் போன் போட்டேன். அரைக்கால் சட்டையோடு ஓடிவந்தார்.

"அண்ணே, பாக்ஸ் ஒரு சைடா சாஞ்சிருக்கு லா. தேனீ நேரா கீழதான் தொங்கவிட்டுக் கட்டும். சட்டம் சாஞ்சிருந்தா அதுக்கென்ன?"

மழைத் தண்ணீர் வடிவதற்காக அந்த மொட்டைமாடியின் தரையே சரிவு. இத்தனை வருடம் மெழுகுத் தாள் இருந்ததால் சாய்வு எனக்குத் தெரியவே இல்லை. தாள் போன வழியில் தேனீயும் போனது. அவர் பெட்டியும் அதே தரையில்தானே இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். அதன் ஒரு பக்கக் கால்களுக்குக் கீழே ஒரு டைல் துண்டு. சாம்பல் நிறம், ஓரத்தில் நீலப் பூ. எங்கள் வீட்டுச் சமையலறைத் தரைக்குப் போட்டதில் மிஞ்சியது!

சகலை, பிய்ந்து விழுந்த அடைகளை என் வாளியில் போட்டு, நல்லதாக இருந்தவற்றை ரப்பர் பேண்டால் சட்டத்தோடு கட்டிக் கொடுத்தார். நன்றி சொன்னேன். சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன். "அவருக்கு டைல் கொடுத்தது நீதானா?"

"ஆமா. மாடித் தோட்டத்துல நம்ம கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்துறப்பல்லாம் தண்ணி அந்தப் பக்கமே ஓடும். பெட்டி சாயுதுன்னு ரெண்டு பேருக்கும்தான் சொன்னேன். அவர் துண்டு இருக்கான்னு கேட்டாரு. நீங்க, 'எனக்குத் தெரியும், போ'ன்னீங்க."

அவள் ஸ்டோர்ரூமுக்குள் போய், செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அதே நீலப் பூ.

"உங்களுக்கும் ஒண்ணு எடுத்துத்தான் வச்சிருந்தேன். நீங்களா கேப்பீங்கன்னு பாத்தேன்" என்றாள். பிறகு வாளியிலிருந்த உடைந்த அடைகளை வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிய ஆரம்பித்தாள். லேகியத்துக்கு.

தீபாவளியன்று எண்ணெய்க் குளியல் முடிந்ததும் முதல் உருண்டை என் கைக்குத்தான் வந்தது. "உங்க தேன் இல்லன்னா இந்த ருசி வராது" என்றாள். சாப்பிட்டுவிட்டு டைலோடு மாடிக்குப் போய், அதை என் பெட்டிக்கு முட்டுக் கொடுத்தேன். பெட்டி நேராக நின்றது.

எழுந்திருப்பதற்கு முன் பக்கத்துப் பெட்டியின் அடியில் இன்னொருமுறை குனிந்து பார்த்தேன். அவருக்குக் கொடுத்திருப்பது பெரிய துண்டு.