தொப்பை பெல்ட்டுக்குக் குரல் கொடுத்தவன்

டெலிஷாப்பிங் விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பவனுக்குத் தொண்டைக்கு முன்னால் கெட்டுப்போவது பெயர்தான்.

மத்தியானம் டிவியைப் போட்டால் ஒரு வெள்ளைக்காரர் தக்காளியை நறுக்கிக்கொண்டே தமிழில் கத்துவாரே, அந்தத் தமிழ் என்னுடையது. உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவேன். விற்கிற பொருளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. போன் பண்ணி வாங்கி ஏமாந்த அன்பர்களே, உங்களுக்கு ஒரு தடவை எரிச்சல், எனக்கு தினமும். வயது முப்பத்து நான்கு. ஊருக்கே தெரிந்த இந்தக் குரலால் இன்னும் பெண் கிடைக்கவில்லை.

மூடாத வாய்

டப்பிங்கில் பெரிய தொல்லை வெள்ளைக்காரர் வாய்தான். நம் வசனம் முடிந்த பிறகும் அது அசைந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தை எதையாவது சொல்லி நிரப்ப வேண்டும். ஒரு தோசைத் தவா விளம்பரத்தில் அப்படி மிச்சமான வாய்க்கு, “ஆயுசுக்கும் ஒட்டாது!” என்று நானாகச் சேர்த்துவிட்டேன். தப்பில்லையா என்று சவுண்ட் என்ஜினியரிடம் கேட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வாய் மேட்ச் ஆவுது சார். தவா ஒட்டினா நமக்கு இன்னா?”

ஒட்டிய தோசை

நமக்கு என்னவா? பக்கத்து வீட்டு அக்கா அதே தவாவை வாங்கினார். மூன்றாவது வாரம் காலையில், நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, கருகிய தோசையோடு தவாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். எழுதிக் கொடுத்ததைத்தான் படித்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அந்த ஒரு வரி என் சொந்தச் சரக்கு.

“ஆயுசுக்கும் ஒட்டாதுன்னு நீதானே சொன்னே? இந்தா கரண்டி, வந்து சொரண்டு.”

ஏரித் தண்ணி

போன மழைக்கு ஏரி நிரம்பி உபரித் தண்ணீரைத் திறந்தார்கள். கால்வாய் ஓரம் காயவைத்த நெல்லை எடுக்கச் சொல்லி பேரூராட்சியில் ஆட்டோவில் மைக் கட்டி என்னை அனுப்பினார்கள். தொண்டை கிழியக் கத்தினேன். “இப்பவே போன் பண்ணா கூட ஒண்ணு ஃப்ரீயா?” என்று சிரித்தார்களே தவிர, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் நெல் நனைந்த ஒரு பெரியவர் என்னையே பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“நீ சொன்னா எவன் நம்புவான்? வேற ஆள வுட்டுச் சொல்ல வேண்டியதுதானே?”

பெண் பார்த்த வூடு

திருமுக்கூடலில் ஒரு வரன் வந்தது. “வாயத் தொறக்காதே, தலைய மட்டும் ஆட்டு” என்று நைனா சொல்லித்தான் கூட்டிப்போனார். பஜ்ஜி வரைக்கும் சமாளித்தேன். பெண்ணின் அப்பா, “தம்பிக்குக் குடிப் பழக்கம் கீதா?” என்று கேட்டார். பதறிப்போய், “சத்தியமா இல்லீங்க!” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய்த் தொப்பை கரைக்கும் பெல்ட்டோடு வந்தார். அவருடைய தொப்பை அப்படியே இருந்தது. நைனா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பெண் மட்டும் சிரித்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. வாசல்வரை வந்து என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“யோசிச்சு நானே போன் பண்றேன். புடிக்கலன்னா முப்பது நாள்ல திருப்பி அனுப்பலாம் இல்ல?”

‘உடனே அழையுங்கள்’ என்று ஊரையே விரட்டிய நான், மூன்று வாரமாக ஒரே ஒரு போனுக்காகச் செல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.